ஊருக்குச் சென்ற மாணவர்கள்

கல்வியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பள்ளிகளை எண்ணுவார்கள். மாணாக்கர் தொகையைக் கூட்டுவார்கள். எழுத்தறிந்தோர் விழுக்காட்டை அட்டவணையிடுவார்கள். இவை யாவும் தேவையானவையே. ஆனால் கற்பிக்கச் சென்றவர் அந்த ஊரில் எங்கே தங்கினார், யார் வீட்டுச் சோற்றை உண்டார், அவரை அழைத்தவர் யார் என்ற கேள்விகளை எழுப்புவோர் குறைவு. பல்கலைக்கழக மாணவர்கள் சிற்றூர்களில் தங்கிக் கற்பிப்பது என்ற ஏற்பாட்டின் கதையை இக்கேள்விகளின் வழியே பார்க்கலாம் என்று தோன்றுகிறது. திருச்சிராப்பள்ளியையும் திருவரங்கத்தையும் மையமாகக் கொண்டு, தேவையான இடத்தில் ஆப்பிரிக்கா வரை சென்று திரும்புவோம்.

அழைக்கப்பட்ட ஆசிரியர்

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே, இன்று நகரின் விளிம்பாகிவிட்ட பகுதியில் அதவத்தூர், சோமரசம்பேட்டை என்ற ஊர்கள் உள்ளன. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் இளமைக் காலத்தோடு தொடர்புடைய ஊர்கள் இவை. அவர் பிறந்த ஆண்டு 1815. உ.வே.சாமிநாதையர் எழுதிய அவரது சரித்திரத்தைப் படித்தவர்கள், மகனின் புலமைக்கு முன்பாகத் தந்தையின் பயணத்தையும் நினைவில் வைத்திருப்பார்கள். மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் பணியாற்றிய சிதம்பரம் பிள்ளை அவ்வேலையை விட்டு வடக்கு நோக்கி வந்தார். தமிழறிந்த அவரைத் திருச்சிப் பக்கத்துச் சிற்றூரார் தங்கள் பிள்ளைகளுக்குக் கல்வி சொல்லித் தரும்படி வேண்டி நிறுத்திக்கொண்டனர். பிறகு அடுத்த ஊரார் விரும்பி அழைத்தனர். குடும்பம் அங்கே பெயர்ந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த ஆசிரியரை எந்த அரசும் அனுப்பவில்லை. ஊர் அழைத்தது, ஊரே இருப்பிடமும் உணவும் அளித்தது. ஆசிரியர் பிடிக்கவில்லை என்றால் ஊர் அவரை விட்டுவிடும். ஊர் பிடிக்கவில்லை என்றால் அவர் வேறிடம் செல்வார். இருவருக்கும் இடையில் மூன்றாமவர் இல்லை.

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் ஆணையிட்டு நடத்திய கணக்கெடுப்பு இத்தகைய பள்ளிகளின் பரப்பைக் காட்டியது. 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. ஆசிரியருக்கு மாதம் ஆறு ஏழு ரூபாய்க்கு மேல் கிடைப்பதில்லை என்றும் அவர் குறிப்பிட்டார். திண்ணையிலும் மர நிழலிலும் நடந்த இப்பள்ளிகளில் மணலில் விரலால் எழுதிப் பழகிய பின்னரே பிள்ளைகள் ஏட்டுக்கு வந்தனர். மூத்த மாணாக்கன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையோருக்குச் சொல்லித் தந்தான். சென்னை எழும்பூரில் படைவீரரின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான இல்லத்தின் பொறுப்பை 1789இல் ஏற்ற ஆண்ட்ரூ பெல், இந்தத் திண்ணைப் பள்ளி வழக்கத்தைக் கண்டே மாணவரைக் கொண்டு மாணவருக்குக் கற்பிக்கும் முறையை வகுத்தார். அது 'மதராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்துக்குச் சென்று அங்குள்ள ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளில் பரவியது. மாணவனே ஆசிரியனாவது என்ற எண்ணம் நமக்கு மேற்கிலிருந்து வந்த புதுமை அன்று.

ஆயினும் பழமையைப் போற்றி இங்கேயே நின்றுவிட முடியாது. 'ஊர் அழைத்தது' என்கிறோம். எந்த ஊர்? அழைக்கும் வசதி படைத்தோர் வாழ்ந்த தெருக்களே அங்கே ஊர் எனப்பட்டன. தாழ்த்தப்பட்டோர் குடியிருப்புகளும், எல்லாத் தெருக்களிலும் இருந்த பெண்பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோரும் அந்த அழைப்புக்கு வெளியே இருந்தனர். திண்ணை எல்லோருக்கும் உரிய இடமாக இருக்கவில்லை.

ஆற்றைக் கடந்த கல்வி

திருவரங்கத்தில் கல்வி மதிலுக்குள் இருந்தது. போசளர் காலத்தில், 13ஆம் நூற்றாண்டில், பாலப்பள்ளி நீலகண்ட நாயக்கர் அரங்கன் கோயிலுக்குள் சரஸ்வதி பண்டாரம் என்ற நூலகத்தை அமைத்த செய்தியைக் கல்வெட்டு தருகிறது. ஏடுகள் ஓரிடத்தில் இருந்தன. கற்க விரும்பியோர் அங்கே வந்தனர். அதாவது, வர அனுமதிக்கப்பட்டோர் வந்தனர். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையிலுள்ள அத்தீவிலிருந்து பிற்காலத்தில் இளைஞர்கள் கல்லூரிக் கல்விக்காக ஆற்றைக் கடந்து கோட்டைப் பகுதிக்குச் செல்லத் தொடங்கினர். நாகப்பட்டினத்தில் 1844இல் தோன்றிய புனித வளனார் கல்லூரி 1883இல் திருச்சிக்கு இடம் பெயர்ந்தது. தேசியக் கல்லூரி 1919இல் கல்லூரி நிலையை அடைந்தது. பெண்களுக்கெனச் சிலுவைக் கல்லூரி 1923இலும், சீதாலட்சுமி ராமசுவாமி கல்லூரி 1951இலும் வந்தன. ஜமால் முகமது கல்லூரியும் 1951இல் தோன்றியதே.

இவை யாவும் நகரத்தில் எழுந்தவை. இலால்குடி, மண்ணச்சநல்லூர், முசிறி, துறையூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் நகரத்துக்கு வந்து படித்தனர். படித்தபின் பெரும்பாலோர் ஊர் திரும்பவில்லை. சிற்றூரிலிருந்து நகரத்தை நோக்கிய ஒருவழிப் பாதையாகக் கல்வி ஆயிற்று. இதைக் கண்டு கவலையுற்றவர்களில் காந்தியடிகள் முதன்மையானவர். அவர் வெளியிட்ட நிர்மாணத் திட்டத்தில் முதியோர் கல்விக்கும் மாணவர்களின் கடமைக்கும் தனித்தனி இடம் அளித்தார். அவர் வழி வந்த டி.எஸ்.சௌந்தரமும் ஜி.இராமச்சந்திரனும் 1947இல் தொடங்கிய காந்திகிராமத்தில், 1956இல் ஊரக உயர்கல்வி நிறுவனம் உருவாயிற்று. மாணவர்கள் ஆசிரியர்களோடு சிற்றூரில் சில நாள் தங்கி வாழ்வது அங்கே பாடத்திட்டத்தின் பகுதியாகவே அமைந்தது.

அனுப்பப்பட்ட மாணவர்

மாணவர் சமூகப் பணியைத் தேசிய அளவில் அமைப்பது பற்றிய விவாதம் விடுதலையை ஒட்டியே தொடங்கியது. டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழு (1948-49) தன்விருப்ப அடிப்படையிலான சேவையைப் பரிந்துரைத்தது. சி.டி.தேஷ்முக் தலைமையில் 1959இல் அமைந்த குழுவோ கட்டாயச் சேவையை முன்வைத்தது. பிற நாடுகளின் அனுபவங்களை ஆராய்ந்த கே.ஜி.சையிதைன் 1960இல் தன்விருப்பமே தகும் என்றார். கட்டாயமா விருப்பமா என்ற இந்த வழக்கு முடிய மேலும் ஒன்பது ஆண்டுகள் பிடித்தன. காந்தி நூற்றாண்டான 1969இல், செப்டம்பர் 24 அன்று, அப்போதைய மத்தியக் கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி.ராவ் நாட்டு நலப்பணித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 37 பல்கலைக்கழகங்கள், 40,000 மாணவர்கள் என்பது தொடக்கக் கணக்கு. திருச்சிக் கல்லூரிகள் அந்நாளில் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. பாரதிதாசன் பல்கலைக்கழகம் 1982இல்தான் வந்தது.

இதே வழக்கு அதே ஆண்டுகளில் ஆப்பிரிக்காவிலும் நடந்துகொண்டிருந்தது. அங்கே கட்டாயம் வென்றது. அதன் விளைவுகளை நாம் அறிந்துகொள்வது நல்லது.

எத்தியோப்பியாவில் அன்று முதலாம் ஹைலே செலாசி பல்கலைக்கழகம் என வழங்கிய நிறுவனம் 1964இல் 'எத்தியோப்பியப் பல்கலைக்கழகச் சேவை' என்ற விதியைக் கொண்டுவந்தது. பட்டம் பெற வேண்டுமானால் மாணவர் ஓராண்டு மாகாணங்களுக்குச் சென்று பணியாற்ற வேண்டும். பெரும்பாலோருக்கு வாய்த்த பணி பள்ளி ஆசிரியப் பணியே. பேரரசரின் அரசு எதிர்பார்த்தது ஆசிரியர் பற்றாக்குறைக்கு ஒரு தீர்வு. நடந்தது வேறு. தலைநகர் அடிஸ் அபாபாவில் வளர்ந்த இளைஞர்கள், விளைச்சலில் பெரும்பங்கை நிலவுடைமையாளருக்கு அளந்து கொடுக்கும் குடியானவரை முதன்முறையாக அருகிலிருந்து கண்டனர். 'உழுபவனுக்கே நிலம்' என்ற முழக்கத்தோடு 1965இலேயே மாணவர் ஊர்வலம் நடந்திருந்தது. ஆண்டுதோறும் ஊரகத்திலிருந்து திரும்பியவர்கள் அம்முழக்கத்துக்குக் கண்ணால் கண்ட சான்றுகளைக் கொண்டுவந்தனர். 1974இல் பேரரசர் அரியணை இழந்தார். அவரை அகற்றிய இராணுவ ஆட்சி ஏறத்தாழ 60,000 மாணவர்களையும் ஆசிரியர்களையும் 'ஸெமெச்சா' என்ற இயக்கத்தின் பெயரால் ஊரகங்களுக்கு அனுப்பியது. எழுத்தறிவு புகட்டுவதும் 1975ஆம் ஆண்டின் நிலச்சீர்திருத்தத்தை விளக்குவதும் அவர்களது பணிகள். மாணவர்கள் குடியானவர் பக்கம் நின்று நிலவுடைமையாளரோடும் பின்னர் ஆட்சியோடுமே மோதினர். 1976இல் அவ்வியக்கம் கலைந்தது.

தான்சானியாவின் கதை வேறு வகை. படிப்பை முடித்தவர்கள் இரண்டாண்டு தேசியச் சேவை செய்ய வேண்டும், அக்காலத்தின் பெரும்பகுதியில் சம்பளத்தில் 40 விழுக்காட்டை மட்டுமே பெறுவார்கள் என்ற திட்டத்தை எதிர்த்து 1966 அக்டோபரில் பல்கலைக்கழக மாணவர்கள் ஊர்வலம் போயினர். குடியரசுத் தலைவர் ஜூலியஸ் நைரேரே, முந்நூறுக்கும் மேற்பட்ட மாணவர்களைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஊருக்கு அனுப்பிவிட்டார். அதே வேளையில் தம் சம்பளத்தை 20 விழுக்காடு குறைத்துக்கொண்டார். அடுத்த ஆண்டு அவர் எழுதிய 'தற்சார்புக்கான கல்வி' என்ற அறிக்கை, பள்ளி தன் பிள்ளைகளைச் சொந்த ஊரிலிருந்து பிரித்துவிடுகிறது என்ற குற்றச்சாட்டை முன்வைத்தது. நைரேரேவை அவர் மக்கள் 'ம்வாலிமு' என்றே அழைத்தனர். சுவாஹிலி மொழியில் அதற்கு ஆசிரியர் என்று பொருள்.

இரண்டு நாடுகளிலும் மாணவரை ஊருக்கு அனுப்பியது அரசு. ஊரிடம் யாரும் கேட்கவில்லை. இரண்டிலும் ஊரைவிட மாணவரும் ஆட்சியுமே பெரும் மாற்றங்களுக்கு உள்ளாயினர்.

பத்து நாள் வாழ்க்கை

நமது திட்டத்தில் கட்டாயம் இல்லை, ஓராண்டும் இல்லை. ஒரு மாணவர் இரண்டாண்டுகளில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும். ஏதேனும் ஒரு விடுமுறையில் சிறப்பு முகாமில் தங்க வேண்டும். முன்பு பத்து நாளாக இருந்த முகாம் இன்று ஏழு நாள். இத்திட்டத்துக்கு அப்பாலும் திருச்சியில் முயற்சிகள் உண்டு. புனித வளனார் கல்லூரி 'ஷெப்பர்டு' என்ற விரிவாக்கத் துறையை அமைத்துச் சுற்றுவட்டச் சிற்றூர்களுக்கு மாணவரை அனுப்பிவருவதைத் திருச்சியில் படித்தோர் அறிவர்.

மாணவராகவும் பின்னர் திட்ட அலுவலராகவும் கொள்ளிடத்துக்கு இரு கரையிலும் இத்தகைய முகாம்களில் நாம் தங்கியிருக்கிறோம். முகாமின் வடிவம் எங்கும் ஒன்றே. ஊராட்சிப் பள்ளியிலோ சமுதாயக் கூடத்திலோ தங்கல். காலையில் வாய்க்கால் ஓரத்துக் கருவேலஞ்செடிகளை வெட்டுதல், கோயில் வளாகத்தைத் தூய்மை செய்தல். பிற்பகலில் கணக்கெடுப்பு அல்லது கருத்தரங்கு. மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம், இரவில் கலைநிகழ்ச்சி. நிறைவு நாளில் பாராட்டும் குழுப் புகைப்படமும்.

இவற்றுள் மாலைப் பாடமே மாணவர்களைத் திணற வைப்பது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒரு பத்தியைத் தட்டுத்தடுமாறிப் படிக்கும்போது, இளங்கலை மூன்றாமாண்டு மாணவருக்கு என்ன செய்வதென்று தெரிவதில்லை. தாம் எப்படி எழுத்தைக் கற்றோம் என்பது அவருக்கே நினைவில்லை. நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்த் திரும்பிய பெண்களை இரவு எட்டரை மணிக்கு அமர வைத்துக் கையெழுத்துப் போடச் சொல்லித் தரும்போது திணறல் இன்னும் மிகுதி. கையெழுத்தை அவர்கள் பெரிதாக மதிப்பதில்லை. பேருந்தின் பெயர்ப்பலகையும் வங்கிச் சீட்டும் படிக்கத் தெரிய வேண்டும் என்பார்கள். கேள்வி அவர்களிடமிருந்து பிறக்கும்போது பாடமும் மாறிவிடுகிறது.

முகாமின் மிக முக்கியமான பாடம் எந்தக் கால அட்டவணையிலும் இடம்பெறுவதில்லை. பள்ளி எந்தத் தெருவில் இருக்கிறது, இரவு வகுப்புக்கு எந்தத் தெருப் பெண்கள் வருகிறார்கள், யார் வீட்டுத் தண்ணீரை வாங்கிக் குடிக்க எந்த மாணவர் தயங்குகிறார் என்பவற்றைக் காணும் கண் உள்ளவருக்கு அந்த ஏழு நாளில் சமூகவியல் முழுவதும் கிடைத்துவிடும். ஊர்த்தெருவில் வகுப்பு வைத்தால் காலனிப் பெண்கள் வருவதில்லை. காலனியில் வைத்தால் ஊர்த்தெருவினர் வருவதில்லை. இரண்டு இடத்திலும் வைத்தால் பிரிவினையை நாமே ஒப்புக்கொண்டதாகிவிடுகிறது. எத்தியோப்பிய மாணவர் நிலவுடைமையைக் கண்டது போல் நம் மாணவர் இதைக் காண்கிறார். ஆனால் முகாம் அறிக்கையில் நட்ட மரக்கன்றுகளின் எண்ணிக்கை இருக்கும், இது இராது.

புதுக்கோட்டை காட்டிய வழி

திருச்சிக்குத் தெற்கே அரை நூறு கிலோமீட்டரில் நடந்த ஒரு நிகழ்வு இந்தச் சிக்கலுக்கு வேறொரு விடையைத் தந்தது. 1948 மார்ச் 3 அன்று இந்திய ஒன்றியத்தில் இணைந்து திருச்சி மாவட்டத்தின் பகுதியாகி, 1974இல் தனி மாவட்டமான புதுக்கோட்டையில் 1991-92இல் அறிவொளி இயக்கம் நடந்தது. 1988இல் தொடங்கிய தேசிய எழுத்தறிவு இயக்கமும், 1990இல் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்ட கேரளத்தின் எர்ணாகுளமும் அதற்கு முன்னோடிகள். மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினர், எழுத்தாளர்கள், கல்லூரி ஆசிரியர்கள் எனப் பலர் கைகோத்தனர். ஆயினும் இயக்கத்தின் உயிர், ஊதியம் பெறாமல் சொந்தத் தெருவிலேயே மாலை வகுப்பு நடத்திய ஆயிரக்கணக்கான இளைஞர்களும் இளம்பெண்களுமே.

தொண்டர்கள் வகுப்புக்குச் சென்றுவர மிதிவண்டி தேவைப்பட்டது. பெண்கள் மிதிவண்டி பழகினர். பின்னர் கற்போரும் பழகினர். கல்லுடைக்கும் பெண்களும் வயலில் உழைத்த பெண்களும் எழுத்தோடு மிதிவண்டியையும் கற்றுக்கொண்டதை இதழாளர் பி.சாய்நாத் எழுதி உலகறியச் செய்தார். எழுத்துக் கற்ற பெண் அதை எங்கே பயன்படுத்துவாள் என்ற கேள்விக்கு, தண்ணீர்க் குடத்தையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு சாலையில் சென்ற மிதிவண்டி ஒரு விடை.

பாடநூலிலும் மாற்றம் நேர்ந்தது. அறிவொளியின் முதற்பாடம் அகர வரிசையில் தொடங்கவில்லை. பட்டா, படி என்று உழைப்பவரின் வாழ்க்கைச் சொற்களில் தொடங்கியது. இத்தகைய ஆக்கங்களில் பங்குகொண்ட பேராசிரியர் ச.மாடசாமி பின்னாளில் வகுப்பறை பற்றி எழுதிய நூல்களிலும், எழுத்தாளர் ச.தமிழ்ச்செல்வன் தம் அறிவொளி அனுபவங்களை எழுதிய 'இருளும் ஒளியும்' என்ற நூலிலும், கற்பிக்கப் போனவர்கள் கற்றுக்கொண்டு திரும்பிய கதை விரிவாக உள்ளது. தமிழ் இலக்கியத்துக்கு அறிவொளி அளித்த கொடை குறித்துத் தனியே எழுத வேண்டும். கிராமத்து மக்களின் விடுகதைகளும் சொலவடைகளும் கதைகளும் அந்நாளில் வகுப்புக்குள் வந்தன, அச்சிலும் ஏறின.

குறைகளும் உண்டு. 1992இல் புதுக்கோட்டை முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. ஆனால் கற்ற எழுத்தைத் தொடர்ந்து புழங்க நூலும் இதழும் கிட்டாதபோது எழுத்து மறந்து போவது இயல்பு. தமிழகத்தின் எழுத்தறிவு 1991 கணக்கெடுப்பில் 62.66 விழுக்காடு, 2011இல் 80.09. பெண்களிடையே 51.33 என்பது 73.44 ஆயிற்று. இவ்வளர்ச்சியில் பெரும்பங்கு பள்ளிக்குச் சென்ற இளந்தலைமுறையுடையது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், எழுத்துக் கற்ற தாய் தன் மகளைப் பள்ளிக்கு அனுப்பியதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

மீண்டும் தெருவுக்குள்

பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக்கிடந்த காலத்தின் இழப்பை ஈடுசெய்ய 2021 அக்டோபர் 27 அன்று தமிழக அரசு தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' இவ்வரலாற்றின் அண்மைக் கட்டம். முதற்கட்டமாகத் தேர்ந்தெடுத்த மாவட்டங்களில் திருச்சிராப்பள்ளியும் ஒன்று. மாலையில் ஒன்றரை மணி நேரம், ஏறத்தாழ இருபது பிள்ளைகள், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. தன்னார்வலராக வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்தந்தக் குடியிருப்பிலேயே வாழும் பெண்கள். இவர்களில் பலர் கல்லூரியில் படித்துத் திருமணத்துக்குப் பின் வீட்டோடு இருந்தவர்கள். மன்றோ கண்ட திண்ணை ஆசிரியர் ஆண். அவரிடம் கற்றோர் மிகப் பெரும்பாலும் ஆண்பிள்ளைகள். இன்று வாசற்படியில் பாய் விரித்து, ஆணும் பெண்ணுமான பிள்ளைகளுக்குச் சொல்லித் தருபவர் ஒரு பெண். இரு நூற்றாண்டுகளில் நேர்ந்த மாற்றங்களில் இதைச் சிறிதென்று சொல்ல மனம் வரவில்லை.

அப்படியானால் ஊருக்குள்ளேயே ஆசிரியர் கிடைத்துவிட்ட பிறகு, நகரத்துக் கல்லூரி மாணவர் அங்கே போக வேண்டிய தேவை என்ன? இக்கேள்வியைச் சக ஆசிரியர்களே கேட்கிறார்கள். ஏழு நாளில் எதையும் கற்பித்துவிட முடியாது என்பது அவர்கள் வாதம். அது சரியே. ஆனால் ஏழு நாளில் கற்றுக்கொள்ள முடியும். அதற்கு முகாம் தன் நோக்கத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும்.

தமிழ் படிக்கும் மாணவர்களை முன்னிட்டுச் சில எளிய செயல்களைச் சொல்லலாம். முகாம் நடக்கும் ஊரின் வாய்க்கால்கள், மடைகள், வயல்களின் பெயர்களை முதியோரிடம் கேட்டு எழுதுவது முதலாவது. காவிரிப் பாசனத்தில் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் பெயருண்டு. அவற்றுட் பல இன்னும் ஏறியிருப்பது மனிதர் நாவில் மட்டுமே. நடவுப் பெண்கள் அறிந்த பாடல்களை அவர்கள் பெயரோடும் அவர்கள் இசைவோடும் பதிவு செய்வது இரண்டாவது. எழுதியதை ஒரு சிறு நூலாக்கி, அடுத்த ஆண்டு அவ்வூருக்கே கொண்டுபோய்க் கொடுத்து அவர்கள் முன் படித்துக் காட்டுவது மூன்றாவது. எழுதப் பழகியவருக்குப் படிக்க ஏதுமில்லை என்பதுதானே அறிவொளிக்குப் பின் எழுந்த குறை? தம் ஊரைப் பற்றிய நூலைவிட ஆர்வத்தோடு ஒருவர் எதைப் படிக்கப் போகிறார்? இவற்றை எல்லாத் தெருக்களிலும் செய்ய வேண்டும் என்பதை மட்டும் நிபந்தனையாக்கலாம்.

முகாமின் வெற்றியை அளப்பதற்கு மரக்கன்றுக் கணக்கை விடச் சிறந்த அளவுகோல் ஒன்று நம் மண்ணிலேயே இருக்கிறது. சிதம்பரம் பிள்ளையை ஓர் ஊரார் வைத்துக்கொண்டனர். அடுத்த ஊரார் கேள்விப்பட்டு அழைத்தனர். முகாம் முடிந்து வந்த பின், 'உங்கள் பிள்ளைகளை எங்கள் ஊருக்கும் அனுப்புவீர்களா?' என்று பக்கத்து ஊரிலிருந்து, அதிலும் இதுவரை யாரும் கேட்டிராத தெருவிலிருந்து, ஒரு குரல் வர வேண்டும். வந்தால் நல்லது நடந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

அத்தகைய அழைப்பைப் பெற்ற முகாம்களைப் பற்றி அறிந்த நண்பர்கள் எழுத வேண்டும். அறிவொளிக் காலத்துத் தொண்டர்களில் இளையோரே இன்று ஐம்பதைக் கடந்துவிட்டனர். அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியவை நிறைய இருக்கின்றன.